எடை குறைந்தது, எலும்பும் குறைந்தது

2022 நவம்பர். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த ஒரு காலை. திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி படிந்திருந்தது. பாதி வாளித் துணியோடு திரும்பும்போது கால் வழுக்கியது, வலது கையை ஊன்றினேன். அவ்வளவுதான் நடந்தது. மாடிப்படியில் உருளவில்லை, வண்டியிலிருந்து விழவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்ததற்கு மணிக்கட்டு உடைந்து, கவிழ்த்து வைத்த முள்கரண்டி போல வளைந்து நின்றது. எலும்பு டாக்டர் இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம் என்றார். சீட்டு எழுதிக்கொண்டே, "வயசு 47-ஆ? மாதவிடாய் நின்னாச்சா? சமீபத்துல எடை ஏதும் குறைச்சீங்களா? அம்மாவுக்கு எலும்பு ஏதாவது உடைஞ்சிருக்கா?" என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 2015-இல் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு வாக்கர் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்கவில்லை. 14 மாதத்தில் போய்விட்டார். அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அதனால்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தால் அதைச் சும்மா விடக்கூடாது என்று சொல்லி, டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். எலும்பில் எவ்வளவு அடர்த்தி இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன். படுத்திருக்க வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம், வலி ஒன்றும் இல்லை, எனக்கு 2,500 ரூபாய் ஆனது. அதில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 1 வரைக்கும் சரி. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் அடர்த்தி குறைய ஆரம்பித்திருக்கிறது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. எனக்கு முதுகெலும்பில் மைனஸ் 2.7, இடுப்பில் மைனஸ் 2.1. நம் ஊரில் 'எலும்புத் தேய்மானம்' என்று மூட்டுவலிக்கும் சொல்கிறார்கள், இதற்கும் சொல்கிறார்கள். இரண்டும் வேறு. மூட்டுத் தேய்மானம் வலிக்கும், அதனால் டாக்டரிடம் போவோம். எலும்புப்புரை உடைகிற நாள் வரைக்கும் ஒரு சத்தமும் போடாது. பெரியம்மாவுக்கோ அம்மாவுக்கோ இடுப்போ மணிக்கட்டோ உடைந்த குடும்பம் என்றால், மாதவிடாய் நிற்கிற வயதில் இந்த ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். என்னிடம் 2015-இலேயே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

இனி, எடை குறைத்த கதைக்கு வருகிறேன். டாக்டரின் மூன்றாவது கேள்விக்கு நான் பெருமையோடு, "ஆமா டாக்டர், 13 கிலோ குறைச்சேன்" என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில்தான் ஏதோ தப்பு என்று உறைத்தது.

2021 செப்டம்பரில் எனக்கு 46 வயது, 72 கிலோ. ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை, காலை பத்திலிருந்து ராத்திரி ஏழு வரை நாற்காலி. கொரோனா காலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து இன்னும் கனத்திருந்தேன். அந்த வருடம்தான் மாதவிடாயும் நின்றிருந்தது. நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு ஜாக்கெட் எதுவும் பற்றவில்லை என்று அழுதேன் என்பது உண்மை. அதற்கடுத்த வாரம் ஒரு ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன். வருடச் சந்தா 18,000, தனி டிரெய்னர் மாதம் 7,000 வீதம் மூன்று மாதத்துக்கு 21,000, அவர்களே விற்ற ஒரு 'உணவுக்குப் பதில்' பவுடர் மூன்று டப்பா 6,600. மொத்தம் 45,600 ரூபாய். தீபாவளி போனஸும் சீட்டுப் பணமும் அதில் போயின.

சேர்ந்த அன்று அந்த டிரெய்னர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை கிலோ குறைக்கணும் மேடம்?" முழங்கால் எப்படி இருக்கிறது, மாதவிடாய் நின்றுவிட்டதா, தூக்கம் வருகிறதா, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. தினமும் ஐம்பது நிமிடம் டிரெட்மில். அப்புறம் ஒரு கிலோ டம்பெல்லை வைத்துக்கொண்டு முப்பது தடவை கையை ஆட்ட வேண்டும். அந்தப் பக்கம் இருந்த பெரிய எடைகளைக் காட்டி நான் கேட்டபோது, "அதெல்லாம் ஜென்ட்ஸுக்கு மேடம், நீங்க தூக்கினா உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடும்" என்றார். நான் நம்பினேன். சாப்பாடு காலையில் பவுடர், மதியம் ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும், ராத்திரி சூப். ஐந்து மாதத்தில் 59 கிலோவுக்கு வந்தேன். ஆபீசில், தெருவில், கோயிலில், பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மாடி ஏறினால் தொடை நடுங்கியது, சாயங்காலம் ஆனால் யார் என்ன பேசினாலும் எரிச்சல் வந்தது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. மெலிந்தாயிற்றே, இன்னும் என்ன குறை என்று இருந்தேன்.

எலும்பு போனதற்கு அந்த ஐந்து மாதம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் ஒவ்வொன்றாக விளக்கினார். அம்மா வழியில் வந்தது ஒன்று. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எலும்புக்குக் காவல் மாதிரி. மாதவிடாய் நின்றதும் அது குறைந்து, முதல் ஐந்தாறு வருடத்தில் எலும்பு மளமளவென்று கரையும். வைட்டமின் டி எனக்கு 11-தான் இருந்தது, 20-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு. திருச்சி வெயில் எங்கே போனது என்று கேட்பீர்கள்; காலையில் இருட்டோடு சமையல், பிறகு ஆபீசுக்குள், திரும்புவது ராத்திரி. வெயில் என் தோலில் படவே இல்லை. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்திருந்த நேரத்தில் நான் பட்டினி கிடந்தேன். பட்டினியில் குறையும் எடை கொழுப்பு மட்டும் இல்லை. தசையும் அதோடு போகிறது, எலும்பும் போகிறது. பிறகு பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் எடை திரும்பி வந்தது, பெரும்பாலும் கொழுப்பாக. விழுந்த அன்று நான் 65 கிலோ. தராசு அதே பக்கம் சாய்ந்தாலும் உள்ளே இருந்த சரக்கு மாறிவிட்டது.

வாரம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்கவே கூடாது, உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கால்சியம், வைட்டமின் டி. தைராய்டும் மற்ற இரத்தப் பரிசோதனைகளும் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "வெயிட் தூக்கிப் பழகுங்கம்மா, எலும்புக்கு அதான் சாப்பாடு" என்றார். யாரிடம் பழகுவது, எவ்வளவு தூக்குவது, எப்படித் தூக்குவது, அதற்கு அவருக்கு நேரமில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அடுத்து நான் செய்தது இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. மாவுக்கட்டு பிரித்து, கைவிரல் மடங்க ஆரம்பித்ததும், 2023 மார்ச்சில் வீடியோ பார்த்து நானே ஆரம்பித்தேன். பயம் அப்படி. அம்மாவின் வாக்கர் சத்தம் காதிலேயே இருந்தது. ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைக் குனிந்து தூக்கினேன், வயிற்றுக்கு என்று மல்லாந்து படுத்து எழுந்து எழுந்து படுத்தேன், ஒரு வாரத்துக்குள் 'முன்னேறி' ஒரு கையில் பத்துக் கிலோ என்று ஆக்கினேன். ஒன்பதாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்து பாத்ரூம் போக இவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். எலும்பு நொறுங்கியிருக்குமோ என்று எம்ஆர்ஐ, 7,000 ரூபாய். நல்லவேளை, தசைப்பிடிப்புதான். ஆனால் டாக்டர் கோபித்துக்கொண்டார். முதுகெலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து எடை தூக்கக்கூடாது, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி கூடாது, முதுகெலும்பே நசுங்கிப் போகலாம் என்றார். யோகா செய்கிறவர்களும் இதைக் கவனியுங்கள். பச்சிமோத்தாசனம், ஹலாசனம் போல முதுகை முன்பக்கம் முழுதாக வளைக்கும் ஆசனங்கள் எலும்புப்புரை உள்ளவர்களுக்கு ஆபத்து. பழக்கமான ஆசனம்தானே என்று எண்ண வேண்டாம், உங்கள் ஸ்கேன் முடிவை யோகா டீச்சரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இதற்குள் எவ்வளவு செலவு என்று ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், கணக்கு எழுதுகிற கைதானே. ஜிம்முக்கு 45,600. கை உடைந்ததற்கும் பரிசோதனைகளுக்கும் 14,700. முதுகுக்கு, பிஸியோவையும் சேர்த்து, 14,100. லீவில் பிடித்த சம்பளம் 21,000. கூட்டினால் 95,400 ரூபாய். கை கட்டோடு இருந்த ஆறு வாரமும் என் பெண்தான் எனக்குத் தலை வாரிவிட்டாள், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

அந்த 14,100-இல் 4,800 மட்டும் வீணாகவில்லை. பன்னிரண்டு தடவை பிஸியோதெரபி, தடவைக்கு 400. புத்தூர் பக்கம் ஒரு சின்ன அறையில் நடத்தும் இளம்பெண், என் பெண்ணைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். முதல் நாள் எடையைத் தொடவே விடவில்லை. "அக்கா, அந்த நாற்காலியில உக்காந்து, கையை ஊன்றாம எந்திரிங்க. முப்பது செகண்டுல எத்தனை வருதுன்னு பாப்போம்" என்றாள். எனக்கு எட்டு வந்தது. "உங்க வயசுக்கு இது பத்தாதுக்கா. ஆனா இது ஏறும், பாருங்க" என்றாள். அப்புறம் கதவுக்குப் பின்னால் நிற்கிற துடைப்பக் குச்சியை எடுத்து என் முதுகில் வைத்தாள். பின்தலை, தோள்களின் நடு, பின்புற எலும்பு, மூன்று இடத்திலும் குச்சி பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியே இடுப்பில் மட்டும் மடங்கிக் குனிய வேண்டும். இடுப்பு எது, முதுகு எது என்று 47 வருடத்தில் அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன். அதுவரை குடம் தூக்கியதிலிருந்து குப்பை அள்ளியது வரை எல்லாவற்றுக்கும் முதுகைத்தான் வளைத்திருக்கிறேன். இரண்டு வாரம் வெறும் குச்சிதான். அதன் பிறகு நான்கு கிலோ.

ஏன் எடை தூக்கினால் எலும்பு உறுதியாகும் என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். எலும்பு செங்கல் மாதிரி செத்த பொருள் இல்லை, ஓயாமல் அரித்துக்கொண்டும் கட்டிக்கொண்டும் இருக்கிறது. எந்த இடத்தில் பாரம் விழுகிறதோ அந்த இடத்தில் கூடுதலாகக் கட்டும். ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-இலேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டாராம். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, மனசுக்கு நல்லது, ஆனால் எலும்புக்கு அது தினமும் பழகிய பாரம். புதிதாகக் கட்டு என்று அதனிடம் சொல்லாது. ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் என்ற ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை, அரைமணி நேரம், பயிற்சியாளரின் கண்காணிப்பில் நிஜமாகவே கனமான எடை. எட்டு மாதத்தில் அவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. ஒரு கிலோ டம்பெல்லை முப்பது தடவை ஆட்டிய எனக்கு இதைக் கேட்டபோது வந்த கோபம் சொல்லி மாளாது.

"வீட்டு வேலையே பெரிய எக்சர்சைஸ்தானே" என்று என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. என் அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர், கிணற்றில் நீர் இறைத்தவர். சின்ன வயதில் அது அவருக்கு நல்லதுதான் செய்திருக்கும். ஆனால் நாற்பது வயதில் கிரைண்டர் வந்தது, மோட்டார் வந்தது, ஐம்பதில் நாங்கள் வேலைக்குப் போனதும் "நீ சும்மா உக்காரும்மா" என்று உட்கார வைத்தோம். அன்பாகத்தான் செய்தோம். இன்றைய வீட்டு வேலையில் களைப்பு இருக்கிறது, பாரம் இல்லை. நின்றுகொண்டே நாலு மணி நேரம் சமைத்தால் கால் வலிக்கும், தசை வளராது. இன்னொரு பக்கம், கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் பெண்கள் நாள் முழுக்கக் கல் சுமக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வும் இல்லை, தேவையான சாப்பாடும் இல்லை. அதையும் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாரம், ஓய்வு, சாப்பாடு மூன்றும் வேண்டும், பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும்.

2023 ஜூலையில் வீட்டுக்கு அருகிலேயே இருந்த வேறொரு ஜிம்மில் சேர்ந்தேன். மாதம் 1,200. வருடச் சந்தாவுக்கு எவ்வளவோ தள்ளுபடி சொன்னார்கள், நான் மாதாமாதம்தான் கட்டுவேன் என்று நின்றேன். சேர்வதற்கு முன் இரண்டு நாள் சும்மா போய் உட்கார்ந்து பார்த்தேன். டிரெய்னர் பெண்களுக்கு ஸ்குவாட்டும் (எடையோடு உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்டும் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) சொல்லிக்கொடுக்கிறாரா, இல்லை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டுப் போனைப் பார்க்கிறாரா? யாராவது தப்பாகத் தூக்கினால் எடையைக் குறைக்கச் சொல்கிறாரா? நான் டெக்ஸா ரிப்போர்ட்டைக் காட்டினால் என்ன சொல்கிறார்? அந்த டிரெய்னர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதுல அனுபவம் கம்மி மேடம், உங்க பிஸியோ நம்பர் குடுங்க, பேசிட்டு ஆரம்பிக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அங்கே சேர்ந்தேன்.

வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் என்றுதான். ஸ்குவாட், டெட்லிஃப்ட், கையால் இழுப்பது ஒன்று, தலைக்கு மேல் தூக்குவது ஒன்று, கடைசியில் இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு நேராக நடப்பது. ஒவ்வொன்றும் எட்டுத் தடவை வீதம் மூன்று செட், நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. அந்த ஓய்வை முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்து விட்டுவிட்டேன், செய்யாதீர்கள், அடுத்த செட்டின் தரமே அதில்தான் இருக்கிறது. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முதுகு குலையக்கூடாது. எட்டும் சுலபமாக வந்துவிட்டால் அடுத்த வாரம் ஒன்றோ இரண்டோ கிலோ கூட்டலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். டெட்லிஃப்ட் எட்டுக் கிலோவில் ஆரம்பித்தேன், இருபது மாதத்தில் 50 கிலோ தூக்குகிறேன், என் எடை 63. சுடிதார்தான் போட்டுக்கொண்டு போகிறேன், துப்பட்டா இல்லாமல். மெத்தென்ற ஓட்ட ஷூவில் கால் ஆடும். அடி தட்டையான கேன்வாஸ் ஷூ போதும். ஆம்பளை மாதிரி ஆகவில்லை. பெண்ணுக்கு டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் ஆணைவிடப் பல மடங்கு குறைவு, அப்படி ஆவது தற்செயலாக நடக்கிற காரியம் இல்லை. சிட்னி ஒலிம்பிக்கில் 2000-இல் இந்தியப் பெண்களுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்த பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கினார், இரண்டு வகைத் தூக்கலையும் கூட்டிய கணக்கில். 50 கிலோவுக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை.

பேசக் கூச்சப்படுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாதம் ஸ்குவாட் செய்யும்போது சிறுநீர் கசிந்தது. அன்றைக்கு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன், இனிமேல் போகவே கூடாது என்று நினைத்தேன். அத்தை முன்பே, "எடை தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்மா" என்று எச்சரித்திருந்தார். அவர் சொன்னது நடந்துவிட்டதோ என்று நடுங்கினேன். பத்து நாள் கழித்துத்தான் பிஸியோவிடம் வாய் திறந்தேன். இரண்டு குழந்தை பெற்றவர்களில் இது சகஜம், இருமினாலும் தும்மினாலும் கசிகிறவர்கள் எத்தனையோ பேர் வெளியே சொல்வதில்லை என்றாள். முதலில் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிக் கர்ப்பப்பை இறக்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவதுதான் வினை, எழும்போது மூச்சை விட்டுக்கொண்டே, சிறுநீரை அடக்கும் தசைகளைக் கீழிருந்து மேலாக உள்ளே இழுத்துப் பிடித்து எழ வேண்டும் என்று பழக்கினாள். எடையைப் பாதியாகக் குறைத்து ஆறு வாரம். நின்றுவிட்டது. ஏற்கெனவே இறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். ஆனால் கசிகிறதே என்று வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது.

சாப்பாட்டில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. நான் ஒரு நாளில் தின்ற புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 35 கிராம் வந்தது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்கிற அளவு கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது எனக்கு 52. எடை தூக்குகிறவள், வயதும் ஆகிறது என்பதால் பிஸியோ 75 வரை போகச் சொன்னாள். மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று இருந்தால் அது வராது. காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, அதில் 12 கிராம். மதியம் பருப்பைத் தண்ணீராக்காமல் கெட்டியாக ஒரு கிண்ணம். சாயங்காலம் வடை, பிஸ்கெட்டுக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம். பாலும் தயிரும். பன்னீர் 100 கிராம் அல்லது சோயா உருண்டை ஐம்பது கிராம், ஞாயிறு என்றால் மீன். சைவக்காரர்களுக்கு சோயா உருண்டை பெரிய துணை, விலையும் குறைவு. டப்பா பவுடர் இல்லாமலே கணக்கு நேராகிவிடுகிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கால்சியம் நாளுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும். கேழ்வரகுக் கூழும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் எங்கள் வீட்டில் திரும்ப வந்தன. வீட்டில் முதலில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பாத்திரத்தை வழித்துச் சாப்பிடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். என் முட்டையை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்கிறேன். இதற்குக்கூட எனக்குத் துணிச்சல் தேவைப்பட்டது.

2024 டிசம்பரில், அதே இடத்தில், அதே மெஷினில் மறுபடி டெக்ஸா எடுத்தேன். மெஷின் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது, அதனால் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பு மைனஸ் 2.7-இலிருந்து மைனஸ் 2.4, இடுப்பு மைனஸ் 2.1-இலிருந்து மைனஸ் 2.0. மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதனால் இது முழுக்க எடை தூக்கியதன் பலன் என்று சொல்ல மாட்டேன். எடை தூக்குகிறேன் என்று யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது. ஆனால் மாத்திரையால் வராத சில உண்டு. முப்பது செகண்டில் எட்டு வந்த நாற்காலிக் கணக்கு இப்போது 17. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1-இல் இருந்தது 5.7 ஆனது, வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு கொதித்து விழித்துக்கொள்வது முழுதாகப் போகவில்லை, ஆனால் திரும்பத் தூக்கம் வருகிறது. போன மார்கழியில் கொல்லையில் அதே இடத்தில் மறுபடி கால் வழுக்கியது. கால் தானாக முன்னே எட்டி நின்றது, நான் விழவில்லை. பாசியை அன்றைக்கே சுரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டேன், அதை 2022-இலேயே செய்திருக்க வேண்டும்.

அத்தைக்கு இப்போது 74. கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று சொன்ன அதே அத்தை, ஆறு மாதமாகச் சாயங்காலம் விளக்கேற்றியதும் கூடத்தில் நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு, பத்துத் தடவை உட்கார்ந்து எழுகிறார். முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவைதான் வந்தது. இப்போது கையைத் தொடுவதில்லை, நான் பக்கத்தில் மட்டும் நிற்க வேண்டும். நேற்று பத்து முடித்துவிட்டு, "ஏம்மா, அந்த ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையில புடிச்சிக்கிட்டு எந்திரிக்கட்டுமா?" என்று கேட்டார். அடுத்த வாரம் பிஸியோவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அத்தை என்றிருக்கிறேன்.